துரைக்குப் போட்ட உப்பு

சூசையம்மாளுக்குத் தம்பி வீட்டில் கிடைத்த இடம், ஒரு மீனுக்குப் பக்கத்தில்.

அவனியாபுரத்தில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் பின்தெருவில் இருந்தது அந்த வீடு. வாசலைத் தாண்டியதும் முன்னறை. அதன் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டி நின்றது. தொட்டிக்கும் சன்னலுக்கும் நடுவில் பாய் விரிக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் அவள் படுத்தாள், எழுந்தாள், ஜெபமாலை சொன்னாள். தலைமாட்டில் அந்தோணியார் படம், கால்மாட்டில் தொட்டிக்குக் காற்று ஊதுகிற பம்ப். அந்த இரைச்சல் இல்லாவிட்டால் அவளுக்கு இப்போதெல்லாம் தூக்கமே வராது என்கிற அளவுக்கு அதோடு பழகிவிட்டாள்.

தொட்டிக்குள் இருந்தது ஒரு கெளுத்தி. நம் கண்மாய்களில் கிடக்கிற கெளுத்தி இல்லை, சீமைக் கெளுத்தி. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, வால் மட்டும் செம்பருத்திச் சிவப்பு. மேலுதட்டில் இரண்டும் தாடையில் நாலுமாக மீசை. தம்பி மகன் ஜினோ கல்லூரியில் படித்தபோது விரல் நீளத்தில் வாங்கி வந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, "அப்பா, இதை மட்டும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து அந்த மீன் தம்பி இன்னாசிமுத்துவுக்கு மகனைப் போல. மகனாவது போனை எடுக்க மாட்டான். மீன் கூப்பிட்டால் வரும்.

துரை என்று பேர் வைத்தது தம்பியின் லேத் பட்டறையில் வேலை செய்கிற மருது. "மீசையப் பாருங்கண்ணே. தலைய அசைக்காம கண்ண மட்டும் உருட்டுதே. வெள்ளக்காரத் துரை கணக்கால்ல இருக்கு!" என்றான். அப்படியே நிலைத்துவிட்டது.

துரை வளர்ந்தது. தொட்டி வளரவில்லை. சூசையம்மாள் அந்த வீட்டுக்கு வந்தபோதே அது முழங்கை நீளம். அப்புறம் அதற்கும் மேலே. திரும்ப வேண்டுமானால் உடம்பை வளையல்போல் வளைத்து, மூக்கு ஒரு கண்ணாடியிலும் வால் மறு கண்ணாடியிலும் உரச உரசத்தான் திரும்பும். உரசின இடத்தில் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். "பெரிய தொட்டி வாங்கலாம்ல தம்பி?" என்று அவள் ஒரு தரம் கேட்டாள். "இடம் எங்கக்கா இருக்கு? நீ படுக்கிற இடத்துல வைக்கவா?" என்றான் இன்னாசிமுத்து. அவள் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது பேரையூருக்குத் தெற்கே ஒரு ஊரில். புருஷன் இருந்த காலம்வரை பிள்ளை இல்லை என்று பேசினார்கள். அவன் செத்த பிறகு இவள் இன்னும் இருக்கிறாளே என்று பேசினார்கள். தீப்பெட்டி ஒட்டியும் பருத்தி எடுத்தும் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் தம்பியிடமிருந்து போன் வந்தது. "ஐரின் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருறா. எனக்குப் பட்டறை. துரையப் பாக்க ஆள் இல்ல. நீ வாரியாக்கா?"

அக்காவைக் கூப்பிடவில்லை, மீனுக்கு ஆள் கூப்பிட்டான். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும், ஆண்டவர் ஒரு கதவை எப்படித் திறந்தால் என்ன, உள்ளே போவதுதானே மரியாதை என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மீன் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள மருந்து மீனுக்கு ஆகாது. வாளி வாளியாகப் பிடித்து வைத்து, வாசம் போன பிறகுதான் ஊற்ற வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, அடித்தண்ணீரைக் கழிவோடு இறக்க வேண்டும். உறிஞ்சுகிறபோது கொஞ்சம் அசந்தாலும் மீன் கழிவு வாய்க்குள் வந்துவிடும். பில்டர் பஞ்சைக் கழற்றிப் பிழிய வேண்டும். தண்ணீரைச் சூடாக வைக்கிற ஹீட்டரில் அது போய்ச் சாய்ந்து உடம்பைச் சுட்டுக்கொள்ளாமல் சுற்றிலும் வலை கட்ட வேண்டும். ஈரலையும் இறாலையும் பொடிசாக நறுக்கிக் கையாலேயே ஊட்ட வேண்டும்.

கை. அதுதான் அவளுக்குச் சந்தோஷம். விரலைத் தண்ணீரில் விட்டால் துரை அடியிலிருந்து மெல்ல எழும்பி வந்து மீசையால் தடவிப் பார்க்கும். அப்புறம் முதுகைக் கொடுக்கும். வெண்டைக்காய்ச் சாறுபோல வழுவழுவென்று இருக்கும் அந்த முதுகு. செதில் இல்லை, எங்கே தொட்டாலும் வழுக்கும். மனுசர் யாரும் அவளைத் தொட்டு வருசக் கணக்காகிவிட்டது. அதனால் அவள் தடவிக்கொடுத்தாளா, அது அவளைத் தடவிக்கொடுத்ததா என்று சொல்ல முடியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கைக்கு வேறு வேலை.

பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். காபி ஆனதும் இன்னாசிமுத்து தொடையில் தட்டி, "அக்கா, துரைக்குச் சாப்பாடு!" என்பான். அன்றைக்கு மட்டும் ஈரல் கிடையாது. கவரில் உயிரோடு தங்கமீன்கள். அவள்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட வேண்டும். வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். தங்கமீன் மூலைக்கு ஓடும். அங்கே மூலைதான் இருக்கும், வழி இருக்காது. துரை அவசரப்படாது. மீசையை முன்னே நீட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். வாயைத் திறந்தால் தண்ணீரோடு மீனும் உள்ளே போய்விடும். சில நேரம் வால் மட்டும் வாய்க்கு வெளியே துடித்துக்கொண்டிருக்கும். அதற்குத்தான் சிரிப்பும் கைதட்டலும்.

சூசையம்மாள் ஒவ்வொரு மீனைப் போடும்போதும் புடவைத் தலைப்புக்குள் கையை வைத்துச் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொள்வாள். தம்பி பெண்டாட்டி ஐரின் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாருங்க, பாருங்க, மதினி அதுக்கு அவஸ்தைப்பூசுதல் குடுக்கிறாங்க!"

சாகப்போகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற சடங்கை மீனுக்குச் சொன்னதும் வீடே சிரித்தது. "அடுத்ததுக்கு அது செஞ்ச பாவத்தையும் கேட்டு, பாவசங்கீர்த்தனம் முடிச்சுட்டுப் போடுக்கா" என்றான் தம்பி. சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று அவளும் சிரித்தாள். கை நனைந்திருந்தது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தலைப்பிலேயே துடைத்தாள்.

ஐரினைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை பேசுகிறவள் இல்லை. குரலை உயர்த்துகிறவளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நல்ல டீச்சர் என்று பேர். சாயங்கால ஜெபத்தை அவள்தான் நடத்துவாள். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த முன்னறை. டியூசன் வைக்க வேண்டும். மொட்டைமாடியில் வெயில், உள்ளறையில் வெளிச்சம் இல்லை. முன்னறையிலோ மீன், மீனுக்குப் பக்கத்தில் மதினி.

ஒருநாள் சாப்பிடும்போது அதைப் பேச்சாக எடுத்தாள். சூசையம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இந்த மீனை யாருக்காவது குடுத்துட்டா என்னங்க?"

"ஜினோ பயலோட மீனு அது. எவன் கைக்கும் போகாது."

"சரி. மதினியாவது? வாடிப்பட்டிப் பக்கம் சிஸ்டர்மாருங்க நடத்துற முதியோர் இல்லம் இருக்கு. அங்க காலையும் சாயங்காலமும் ஜெபம். மதினிக்குப் பிடிக்கும்."

இன்னாசிமுத்து சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "அக்கா போயிட்டா துரைய யாரு பாப்பா? நீ உறிஞ்சுவியா குழாய? துரை இருக்கிறவரைக்கும் அக்காவும் இருக்கட்டும். அது போன பெறகு பாத்துக்கலாம்."

"அப்ப மதினி, துரைக்கு நூறு வயசுன்னு ஜெபம் பண்ணுங்க" என்று ஐரின் சிரித்தாள்.

அவள் உண்மையிலேயே ஜெபம் செய்தாள். தனக்குச் சுகம் கேட்பதை விட்டுவிட்டு மீனுக்குக் கேட்க ஆரம்பித்தாள். வாடிப்பட்டி இல்லத்தை அவள் ஒரு தரம் பார்த்திருக்கிறாள். சுத்தமான இடம்தான். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கிழவி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஆள் வந்தால் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும், வந்தது தன் ஆள் இல்லை என்றதும் ஒன்றாகவே திரும்பிக்கொள்ளும். அந்த வரிசையில் தன் தலையும் சேர்ந்துவிடக் கூடாது. அவள் ஆண்டவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம் அது. காலையில் தொட்டியில் கை விட்டாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. பார்த்தால் ஹீட்டர் ஒயர் கழன்று கிடந்தது. அந்தப் பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் சொருகியிருந்தது.

"ஐயோ, நேத்து சேலை தேய்ச்சுட்டு மறந்துட்டேன் மதினி" என்றாள் ஐரின். மறந்திருக்கலாம். அதைப் பற்றி யாருக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரியாது.

சூசையம்மாள் ஒயரைத் திரும்பச் சொருகினாள். ஆனாலும் அதன்பிறகு துரையின் வால்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. ரவையைத் தூவிவிட்டாற்போல. அடுத்த நாள் மீசையில், முதுகில். உடம்பைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துத் தன்னையே புண்ணாக்கிக்கொண்டது. ஈரலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தம்பியோ பட்டறைச் சாமான் வாங்கக் கோயம்புத்தூருக்குப் போயிருந்தான்.

"ஐரின், வில்லாபுரம் கலர்மீன் கடை அசோக்குமார் தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேளேன் தாயி. எனக்குப் பயமா இருக்கு."

ஐரின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரம் பேசினாள். நடுவே ஒரு தரம் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். உள்ளே வந்து, "மழைக்கு வர்ற நோயாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்றாள்.

"மருந்து?"

"மருந்தெல்லாம் சொல்லலை மதினி. தானாப் போயிருமாம்."

தானாகப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை சூசையம்மாள் அந்தோணியார் குருசடிக் கோயிலுக்குப் போனாள். அங்கே எல்லா வாரமும் நடப்பதுதான். சனங்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து வைப்பார்கள். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பில் ஒரு கல் போடுவார்கள், காய்ச்சல்காரர் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள், ஈனப்போகிற மாட்டுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். பேரையூர்ப் பக்கம் அவள் வளர்த்த ஆடு அப்படித்தான் பிழைத்தது. ஆடு பிழைத்தால் மீன் பிழைக்காதா? ஒரு பெரிய பை நிறையக் கல்லுப்பு வாங்கி, முழங்காலில் நின்று சாமியாரிடம் மந்திரித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

வந்ததும் ஒரு சிட்டிகை போட்டாள். துரை கொஞ்சம் அசைந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஐரின் மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"என்ன மதினி அது?"

"அந்தோணியார் கோயில் உப்பு தாயி. போடலாமா, என்னமும் ஆயிருமா?"

ஐரின் திரும்பினாள். தொட்டியைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பை நிறைய வாங்கிட்டு வந்து ஒரு சிட்டிகைதான் போட்டீங்களா?"

"மொதல்ல கொஞ்சம் போட்டுப் பாப்போம்னுதான்..."

"அந்தோணியாரையா சோதிச்சுப் பாக்குறீங்க?" பைபிள் வாசிக்கும்போது குரலில் வருமே, அதே இனிமை. "விசுவாசம்னா சிட்டிகை சிட்டிகையாவா இருக்கும் மதினி? நம்பினா முழுசா நம்பணும். இல்லேன்னா போடவே கூடாது."

சூசையம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பை முழுவதையும் தொட்டியில் கவிழ்த்தாள். பையின் மூலையில் கொஞ்சம் மட்டும் சிக்கி நின்றுவிட்டது. கல்லுப்பு கரையாமல் நேரே இறங்கி, துரை படுத்திருந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மீசை ஆறும் ஒன்றாகச் சுருண்டன. அதற்கப்புறம் துரை தன்னைக் கண்ணாடியில் மோதியது. தொட்டி அதிர்ந்தது. மூடி தூக்கிப் போட்டுத் தண்ணீர் சுவரில் அடித்தது. திரும்ப இடம் இல்லாத மீன் திரும்பித் திரும்பி மோதியது. மூக்கில் ரத்தம் கசிந்து புகைபோல் பரவியது. உடம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. களைத்து அடியில் விழும். அடியில்தான் உப்பு. விழுந்ததும் சுட்டாற்போல் மறுபடியும் எழும்பும்.

"ஐரின்! என்னமோ பண்ணுதே! தண்ணிய எறக்கிறவா?"

"தொடாதீங்க மதினி. நோய் வெளிய போகுது. பேய் பிடிச்சவன்கூடப் பேய் விட்டுப் போறப்ப தரையில புரண்டு துடிச்சான்னு நாமதானே வாசிக்கிறோம்? ஜெபம் பண்ணுங்க."

அவள் முழங்காலில் விழுந்தாள். குழாய் எட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்து வைத்த நல்ல தண்ணீர் வாளிகளில் ததும்பி நின்றது. உறிஞ்சி இறக்கியிருந்தால் பிழைத்திருக்கும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். தொட்டியில் மோதுகிற சத்தம் ஒவ்வொரு மணிக்கும் நடுவே விழுந்தது. பின்னால் ஐரின் பேனாவைத் திறந்து பேப்பரைத் திருப்புகிற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மோதல் குறைந்தது. குறைந்ததற்காக அவள் அந்தோணியாருக்கு நன்றி சொன்னாள்.

கண்ணைத் திறந்தபோது துரை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. கண்ணிரண்டும் வெந்த முட்டைபோல் வெளுத்திருந்தன. செவுள் ஒரு தரம் திறந்தது. அப்புறம் திறக்கவில்லை.

ஐரின் எழுந்து வந்து பார்த்தாள். "அடப் பாவமே" என்றாள். பிறகு பம்பின் சுவிட்சை அணைத்தாள்.

இன்னாசிமுத்து கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியதும் மருது அவன் பின்னாலேயே ஓடி வந்தான். தம்பி தொட்டி முன்னால் நின்றான். அழவில்லை. முகம் மட்டும் கல்லாகிப் போனது.

"யாரு உப்புப் போட்டது?"

"நான்தான் தம்பி. மந்திரிச்ச..."

"நல்லாப் பாத்துக்கிட்ட போ. ஒரே ஒரு வேலை குடுத்தேன் ஒனக்கு."

மருது தலையைச் சொறிந்தான். "தேறும்ணே, பத்துப் பேருக்குக் கொழம்பு வைக்கலாம். உப்பும் அக்காவே போட்டுருச்சு."

தம்பி அவனை முறைத்தான். ஆனால் பட்டறையிலிருந்து எட்டிப் பார்க்க வந்த ஒருவன் சிரித்துவிட்டான். ஐரின் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீயே தூக்கு. கொன்னவதான் தூக்கணும்."

அவள் இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு துரையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. அது வழுக்கவில்லை. அந்த வழுவழுப்பு முழுதாகப் போய், தேய்த்துக் கழுவின கெளுத்திபோல உடம்பு சொரசொரவென்று கையில் ஒட்டியது. அப்போதுதான் அவள் கைக்கு விளங்கியது. சட்டியில் எத்தனை கெளுத்தி கழுவியிருக்கிறது இந்தக் கை! கெளுத்தியின் வழுவழுப்புப் போக என்ன போட்டு உரசுவாள்? கல்லுப்புத்தானே? செதில் இல்லாத மீனுக்கு அந்த வழுவழுப்புத்தான் சட்டை, அதுதான் தோல். கனத்தில் பிடியிலிருந்து நழுவப் பார்த்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு நாள் கழித்து அசோக்குமார் தொட்டியை எடுத்துப்போக வந்தான். பழைய விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி டீச்சர் கூப்பிட்டிருந்தாளாம். ஐரின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவன் காலித் தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, அடியில் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"என்னக்கா இது, உப்பா? இம்புட்டுமா போட்டீங்க?"

"நான்தான் போட்டேன் தம்பி."

"அட என்னக்கா நீங்க! டீச்சர்கிட்ட அன்னைக்கே போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தங்கமீனுக்குப் போடுற மாதிரி இதுக்கு உப்ப மட்டும் போட்டுறாதீங்க, இதுக்குச் செதிலு கெடையாது, வெந்துரும், சும்மா ஹீட்டரை ஏத்தி வைங்க போதும்னு. அக்கா கோயிலுக்குப் போயி உப்பு வாங்கிட்டு வந்தாலும் வரும், பாத்துக்கங்கன்னுகூட நான்தான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். டீச்சர் சரி சரின்னாங்களே. உங்ககிட்டச் சொல்லலையா?"

சூசையம்மாள் தொட்டிக் கண்ணாடியைத் தலைப்பால் துடைத்தாள். "சொன்னாப்புலதான் இருக்கு தம்பி. எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டு விசயம் வெளியே போகக் கூடாது என்று ஊறிப்போன பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் நெஞ்சு அடங்கவில்லை. சாயங்காலம் ஜெபத்துக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஐரின் பைபிளைத் திறந்து பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். சூசையம்மாள் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"முத்து, உப்புப் போடக் கூடாதுன்னு கடைக்காரத் தம்பி ஐரின்கிட்டச் சொல்லியிருக்கு. ஐரின் எங்கிட்டச் சொல்லலை. போடு போடுன்னுச்சு. முழுசாப் போடுன்னுச்சு."

ஐரின் பக்கம் திருப்புவதை நிறுத்தவில்லை. "சொன்னேனே மதினி. நீங்கதான் கேக்கலை. அந்தோணியாரை விடக் கடைக்காரன் பெரியவனான்னு கேட்டீங்க." நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "நான் என்ன செய்றதுங்க? சாமி விசயத்துல பெரியவங்கள எதுத்துப் பேசவா முடியும்?"

விரல் வேதப்புத்தகத்தின் மேலேயே இருந்தது.

இன்னாசிமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. முகத்தில் அது ஓடியதை அக்கா பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது. அப்புறம் அவன் அந்த உண்மையை எங்கே வைப்பது, அதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கணக்குப் போட்டவனாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவ சொன்னாளோ சொல்லலையோ. ஒனக்குத் தெரியாதாக்கா? நம்ம அம்மா கெளுத்திய எதைப் போட்டு உரசுவா? நீ எதைப் போட்டு உரசுவ? சின்னதுலருந்து மீன் கழுவுற கைதானே இது?"

அவள் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கையே அதை முன்னமே சொல்லிவிட்டது.

"சரி, ஜெபம் பண்ணுவோம்" என்றாள் ஐரின். வாசகம் முடிந்ததும் மன்றாட்டுச் சொன்னாள். "எங்க மதினிக்கு நல்ல இடமா, மனசுக்கு நிம்மதியான இடமா அமைச்சுக் குடுங்க ஆண்டவரே." இன்னாசிமுத்து ஆமென் சொன்னான். பழக்கத்தில் சூசையம்மாளும் ஆமென் சொல்லிவிட்டாள்.

வாடிப்பட்டி இல்லத்துக்குப் போகிற அன்று காலையில் முன்னறையில் பெஞ்சு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டி நின்ற சுவரில் தண்ணீர்க் கறை நீளமாகத் தெரிந்தது. அங்கே கரும்பலகை மாட்ட மருது ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தம்பி பட்டறையில் அவசர வேலை என்று முன்னமே போய்விட்டான். ஷேர் ஆட்டோ வரை ஐரின்தான் வந்தாள். பையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள்.

"இது பையில மிச்சம் கெடந்துச்சு மதினி. மந்திரிச்சதை நாங்க கண்ட இடத்துல போடக் கூடாதுல்ல? உங்களுக்கு உதவும்."

"மகராசியா இரு தாயி" என்றாள் சூசையம்மாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

மந்திரித்த பொருளை மண்ணில் கொட்டக் கூடாது, கால் படக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் கரைக்கலாம். வழியில் கால்வாய் வந்தது. மழைத்தண்ணீர் நிறைய ஓடியது. ஆட்டோவிலிருந்து மாறி ஏறின பஸ் பாலத்தின்மேல் நின்றபோது அவள் முடிச்சை சன்னலுக்கு வெளியே நீட்டினாள். கீழே தண்ணீரில் என்னென்ன மீன் கிடக்குமோ என்று தோன்றியது. கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இல்லத்தில் அவளுக்குக் கதவுக்கு எதிரே கட்டில். தலையணைக்கு அடியில் ஒரு தகர டப்பா, அதற்குள் அந்த முடிச்சு. மழைக்காலத்தில் உப்புக் கசிந்து டப்பா துருவேறியது. துணியில் நீர் கோத்துத் தலையணை ஈரமாகும். "என்னம்மா இது, எடுத்துப் போடுங்க" என்று சிஸ்டர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு அதைப் போடவும் வழியில்லை, தின்னவும் மனசில்லை.

காலையும் சாயங்காலமும் ஜெபம் உண்டு. ஐரின் சொன்னது அந்த மட்டில் நிசம். எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற அந்த வரி வரும். அங்கே மட்டும் சூசையம்மாளின் உதடு நின்றுவிடும். மற்ற கிழவிகள் அந்த வரியைக் கடந்து போகும்வரை இரண்டு கையையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பாள், எதையோ தேய்த்துப் போக்குகிறவளைப்போல. பிறகு மறுபடியும் சேர்ந்துகொள்வாள்.

வாசலில் ஆள் சத்தம் கேட்டால் எல்லாத் தலையோடும் அவள் தலையும் திரும்பும்.